முதுகுல ரம்பப்பல் வெச்ச கத்தி: கருப்பு பூச்சை உரிச்சு சாணை பிடிக்கறது எப்படி?

பனிக்காட்டான் எழுதியது:

வணக்கம் மக்களே. நான் இருக்கறது பஃபலோ, நியூயார்க் ஸ்டேட்டோட மேக்கால மூலை, வருஷத்துல பாதி நாள் பனி தள்ளுறதே பொழப்பு. போன மாசம் ஊருக்கு தெக்க ஒரு கிராமத்துப் பக்கம் போனப்ப ஒரு வீட்டு வாசல்ல பழைய சாமானெல்லாம் பரப்பி வித்துக்கிட்டு இருந்தாங்க, ஸ்பேனர், தூண்டில் முள்ளு, உடைஞ்ச டார்ச்சுன்னு கெடந்த டப்பாவுக்குள்ள ஒரு கத்தி. எடுத்துப் பாத்தா ஒன்டாரியோ நைஃப் கம்பெனி, ஸ்பெக் பிளஸ் வரிசை, எஸ்பி-2. முதுகுல ரம்பப்பல்லு. பெரியவர் 20 டாலர்னார், 15க்கு முடிஞ்சுது.

நெலமை என்னன்னா மேல இருக்கற கருப்பு பூச்சு அங்கங்க பொரிஞ்சு செதில் செதிலா எந்திரிச்சு நிக்குது, அதுக்கடியில துரு. பல்லுக்கு நடுவுல பூச்சும் அழுக்கும் கட்டியா அடைஞ்சிருக்கு. கூர்னு ஒண்ணு இல்லவே இல்ல, தக்காளில வெச்சா தக்காளிதான் நசுங்குது. கேள்வி மூணு. பூச்சை முழுசா உரிக்கலாமா, உரிச்சா எதால? சாணை எப்படி? அந்தப் பல்லை என்ன பண்றது, குச்சி கூட அறுக்க மாட்டேங்குது. வீட்ல சின்னதா ஒரு பெஞ்ச் கிரைண்டர் இருக்கு. கத்தி விஷயத்துல நான் கத்துக்குட்டி, திட்டாம சொல்லுங்க.

லேத்துக்காரன் எழுதியது:

மொதல்ல அந்த கிரைண்டர் பிளக்கைப் புடுங்கி வெச்சுடுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க.

தீவகத்தான் எழுதியது:

ஒன்டாரியோ எண்டால் எங்கட மாகாணம் எல்லோ! நான் டொரொண்டோவில 20 வருசமா இருக்கிறன், இப்பிடி ஒரு கொம்பனி இஞ்ச இருக்கெண்டு தெரியாமப் போச்சு. எந்த ஊரில செய்யினம் தம்பி?

பனிக்காட்டான் எழுதியது:

அண்ணே நானும் அப்படித்தான் ஏமாந்தேன். இது கனடா இல்ல. நியூயார்க் ஸ்டேட்டுக்குள்ளயே ஒன்டாரியோ கவுண்டின்னு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒண்ணு இருக்கு, அதுல நேப்பிள்ஸ்ங்கற ஊர்ல 1889ல ஆரம்பிச்ச கம்பெனி. பின்னாடி ஃபிராங்க்ளின்வில்லுக்கு வந்துட்டாங்க, அது எங்க வீட்லேர்ந்து ஒரு மணி நேரம். 2023ல கம்பெனி கைமாறுனதோட அந்த ஃபேக்டரியும் மூடிட்டாங்க. அந்தப் பக்கம் பழைய சாமான் டப்பால எல்லாம் இவங்க கத்தி கெடக்கறது அதனாலதானோ என்னமோ.

பழசுப்பொட்டி எழுதியது:

தலைப்பைப் பாத்ததும் உரிக்காதீங்கய்யான்னு கத்தத்தான் ஓடி வந்தேன், எஸ்பி-2ன்னு படிச்சதும் ஆறிட்டேன்.

இதுக்கு ஒரு மூத்தவன் இருக்கான், 499னு சொல்லுவாங்க, அமெரிக்க விமானப்படை பைலட்டுங்க உயிர்தப்ப வெச்சிருந்த கத்தி. 1950கள் கடைசில வந்தப்ப அலகு 6 இன்ச், 60கள்ல 5 இன்ச்சா குறைச்சுட்டாங்க. மார்பிள்ஸ், கமில்லஸ், ஒன்டாரியோன்னு பல பேர் செஞ்சாங்க. தோல் வில்லைய அடுக்கி செஞ்ச பிடி, உறைலயே சாணைக்கல் சொருக ஒரு குட்டி பாக்கெட்டு. அதுல இருக்கற கருஞ்சாம்பல் நெறம் பெயிண்டே கெடையாது, பாஸ்பேட். இரும்போட மேல்தோலே மாறி உண்டாகறது, எண்ணெயைக் குடிச்சு வெச்சுக்கும், பொரியாது உரியாது. அதைப் போயி எவனாவது தேச்சு கல்யாண வீட்டு எவர்சில்வர் மாதிரி பளபளன்னு ஆக்கிட்டு வந்து காட்டுனான்னா எனக்கு வயிறு எரியும்.

உங்களுது எபாக்சி பவுடர் பூச்சு, இரும்பு மேல ஒட்டி வெச்ச பிளாஸ்டிக் தோல் மாதிரி. அது ஏற்கனவே பொரிஞ்சிருச்சுன்னா உள்ள தண்ணி போயி உக்காந்து துருவை வளக்கும். அதை தாராளமா எடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல.

காடோடி எழுதியது:

நான் ஆரெகன்ல இருக்கேன், இதே கம்பெனியோட வேற ரெண்டு கத்திய உரிச்சிருக்கேன். அந்தப் பூச்சு தடிமனா சொரசொரன்னு இருக்கும், மரத்துல எறங்கறப்ப பக்கவாட்டுல பிடிச்சு இழுக்கும், எடுத்தப்பறம் அதே கத்தி வழுக்கிட்டுப் போகும், இது சும்மா அழகுக்கு இல்ல.

முன்னாடி இங்க மெத்திலீன் குளோரைடு போட்ட பெயிண்ட் ரிமூவர் கடைல கெடைக்கும், தடவுன பத்து நிமிஷத்துல அப்பளம் மாதிரி பொங்கி வந்துரும். ஆனா மூடின பாத்ரூம்ல அதை வெச்சு குளிக்கற டப்போட பழைய பூச்சை உரிச்சவங்க மூச்சுமுட்டி செத்தே போயிருக்காங்க, 2019ல பொதுமக்களுக்கு விக்கறதையே நிறுத்திட்டாங்க. இப்ப கெடைக்கறது ஆரஞ்சு வாசனை அடிக்கற ஜெல். நல்லா தடிமனா, தோசை மாவு கணக்கா அப்பி, பிளாஸ்டிக் தாளால சுத்தி ராத்திரி பூரா விட்டுருங்க. காலைல பிளாஸ்டிக் கார்டால வழிச்சா வந்துரும், வராத எடத்துக்கு ரெண்டாவது தடவை. பிடி ரப்பர் மாதிரி பொருள், அதுல ஜெல் பட்டா வீங்கி பிசுபிசுன்னு ஆயிரும், அதனால கைக்காப்புகிட்ட, அதான் பிடிக்கும் அலகுக்கும் நடுவுல இருக்கற தடுப்புகிட்ட, டேப் சுத்தி கத்தியை நுனி கீழ பாக்கற மாதிரி தொங்க விடுங்க.

ஊர்ல இருக்கறவங்களுக்கு: அங்க ஹார்டுவேர் கடை ரிமூவர் பெரும்பாலும் அந்தப் பழைய சரக்குதான். மொட்டை மாடில வெச்சு பண்ணுங்க, நைட்ரைல் கிளவுஸ் போட்டிருக்கோம்னு தைரியமா இருக்காதீங்க, கொஞ்ச நிமிஷத்துல ஊடுருவி கை எரிய ஆரம்பிச்சுரும்.

சும்மாவந்தவன் எழுதியது:

இதுக்கா இவ்ளோ பில்டப்பு, பாத்ரூம் கழுவுற ஆசிட்ல ஒரு மணி நேரம் ஊறப்போட்டா பூச்சு துரு எல்லாம் ஒரே கல்லுல காலி

லேத்துக்காரன் எழுதியது:

ஒரே கல்லுல கத்தியும் காலியாகுமுங்க. ஆசிட்டு எபாக்சிய ஒண்ணும் பண்ணாது, அது பாட்டுக்கு நிக்கும், பொரிஞ்ச எடத்து வழியா உள்ள போயி இரும்பைத்தான் தின்னும். அதுவும் இல்லாம தோய்ச்சல் போட்ட கெட்டி இரும்பை ஆசிட்ல முக்குனா ஹைட்ரஜன் உள்ள ஏறிக்கும், பாக்க நல்லா இருக்கும், ஒரு நாள் லேசா நெம்புறப்ப கண்ணாடி மாதிரி பட்டுனு போயிரும். ஸ்பிரிங்கை ஆசிட்ல கழுவி நானே பாத்திருக்கேனுங்க. அதுலயும் இந்தக் கத்தில முதுகு பூரா பல்லு. ஒவ்வொரு பல்லோட அடி மூலையும் விரிசல் ஆரம்பிக்கத் தோதான எடம்.

துருவுக்கு சமையல் வினிகர் போதும். அரை மணி நேரம், அதுவும் கண்ணு வெச்சுக்கிட்டு, எடுத்த உடனே சமையல் சோடா தண்ணில அலசி தொடச்சு எண்ணெய் போட்டுடோணும். இரும்பு 1095ங்கற ரகமுங்க, கார்பன் கிட்டத்தட்ட ஒரு சதம், குரோமியம் கெடையாது, ஈரம் பட்டு ஒரு மணி நேரம் விட்டாலே செவந்துக்கும்.

பனிக்காட்டான் எழுதியது:

அப்டேட், கொஞ்சம் சோகம். ஆரஞ்சு ஜெல் வாங்கி அப்பி, சுத்தி, கராஜ்ல தொங்கவிட்டேன். காலைல பாத்தா அப்படியே இருக்கு, ஒரு செதில் கூட அசையல. இன்னொரு நாள் விட்டேன், அதே கதை. வெறுத்துப் போயி டப்பாவைத் திருப்பிப் படிச்சா குளிர்ல வேலை செய்யாதுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. கராஜ்ல அன்னைக்கு 3 டிகிரி! அப்பறம் பேஸ்மென்ட்ல ஹீட்டர் பக்கத்துல வெச்சேன், ஜன்னலைத் தொறந்து வெச்சும் வீடு பூரா ஆரஞ்சு மிட்டாய் வாசனை, வீட்டம்மா ரெண்டு நாள் பேசல. ஆனா பூச்சு ரப்பர் ஷீட் மாதிரி சுருண்டு வந்துச்சு பாருங்க, அந்த திருப்தியே தனி.

பல் இடுக்குல பித்தளை பிரஷ் போட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. உள்ள இரும்பு நான் நெனச்ச மாதிரி வெள்ளையா இல்ல, கருகருன்னு சாம்பலா சொரசொரப்பா இருக்கே, கெட்டுப் போச்சா?

காடோடி எழுதியது:

கெடல. சூளைல சூடு பண்ணுனப்ப உண்டான மேல்தோல் அது. பூச்சு போட்டு மூடப்போறோம்னு அவன் அதை மெருகு போடாமலே விட்டிருப்பான். உப்புத்தாள் 120ல ஆரம்பிச்சு 220, 400னு தண்ணி தொட்டு நீளவாக்குல தேய்ங்க. முழுசா போகணும்னு அவசியம் இல்ல, கை வலிக்கறப்ப நிறுத்திக்கோங்க. பல் இடுக்குல நூலை எண்ணெய்லயும் எமரித் தூள்லயும் தொட்டு இழுத்தா வரும், பொறுமை வேணும்.

பழசுப்பொட்டி எழுதியது:

தேய்க்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. முதுகுப் பல்லு மேல சைக்கிள் டியூப்பைக் கிழிச்சு ரெண்டு சுத்து சுத்தி கட்டிக்கோங்க. எல்லாரும் கூரைப் பாத்துதான் பயப்படுவாங்க, இந்த மாதிரி கத்தில கையைக் கிழிக்கறது முதுகுதான். சாணைக்கல்லுல அழுத்தறப்ப விரல் தானா முதுகுப் பக்கம் போகும். என் வலது கை ஆள்காட்டி விரல்ல நாலு பல்லோட அச்சு இன்னும் இருக்கு.

பனிக்காட்டான் எழுதியது:

நல்ல வேளை சொன்னீங்க. ஆனா நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், லேத்துக்கார அண்ணன் கோவிச்சுக்காதீங்க. நுனிகிட்ட ஒரு பொக்கை இருந்துச்சு, அதை மட்டும் கிரைண்டர்ல ஒரு தொடு தொட்டு எடுத்துடலாம்னு... ஒரே ஒரு செகண்டு... நுனில ஒரு அரை இன்ச்சுக்கு மயில் கழுத்து மாதிரி நீலம் ஏறிடுச்சு. முடிஞ்சுதா கதை?

லேத்துக்காரன் எழுதியது:

பிளக்கைப் புடுங்கச் சொன்னது சும்மாவா கண்ணு. சரி விடுங்க, அழுகாதீங்க, கணக்குப் பாப்போம்.

இரும்பு சூடேறுறப்ப நெறம் மாறும், வைக்கோல் மஞ்சள்னா 220, 230 டிகிரி, ஊதான்னா 280 பக்கம், நீலம்னா 300 வாக்குல. சவரக்கத்தி, உளி மாதிரி ரொம்ப கெட்டியா வெச்ச சாமான்ல நீலம் வந்தா அந்த எடம் அம்புட்டுத்தான், வெட்டி எறிய வேண்டியதுதான். ஆனா உங்க கத்திய அவனே அவ்ளோ கெட்டியா வெக்கலீங்க. நெம்புனாலும் கல்லுல அடிச்சாலும் உடையக்கூடாதுன்னு ராக்வெல்னு சொல்ற கெட்டித்தன்மை அளவுல ஐம்பது சொச்சத்துல நிறுத்திருக்கான். 1095ஐ அந்த அளவுக்கு எறக்கோணும்னா டெம்பர் பண்றப்பவே, அதான் தோய்ச்சல் போட்டப்பறம் மறுபடி சூடு காட்டி கெட்டிய குறைக்கறப்பவே, 300க்கு மேல சூடு காட்டிருப்பான். அப்ப நீங்க காட்டுன நீலம் அவன் காட்டுன சூட்டைத் தாண்டல. தாண்டுனாத்தான் மறுபடி மெதுவாகும். கூரோட விளிம்பு மட்டும் மெல்லிசு, அது நீலத்தையும் தாண்டி வெளிறுன சாம்பலுக்குப் போயிருந்தா அந்த அரை மில்லிய கல்லுல தேச்சு எடுத்துடுங்க, உள்ள நல்ல இரும்பு இருக்கு. சந்தேகம்னா நல்ல அரத்தை நீலப்பட்ட எடத்துலயும் படாத எடத்துலயும் ஒரே மாதிரி இழுத்துப் பாருங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி கடிச்சா பயமில்ல.

இனி கைக்கல்லு மட்டும். தொட்டா சுடாத வரைக்கும்தான் சாணை, சுட்டா அது சமையல்.

பனிக்காட்டான் எழுதியது:

அப்பாடா. அரம் ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரிதான் கடிக்குது. கல் எது வாங்கறது? அமேசான்ல பாத்தா ஆயிரத்தெட்டு இருக்கு, வைரம்ங்கறான் ஜப்பான்ங்கறான்.

பழசுப்பொட்டி எழுதியது:

தம்பி நீங்க உக்காந்திருக்கற எடத்துக்கு அந்தக் கேள்வி கேக்கலாமா! உங்க வீட்லேர்ந்து அரை மணி நேரத்துல நயாகரா ஃபால்ஸ். சாதா கருப்பு சாணைக்கல்லு இருக்கே, சிலிக்கான் கார்பைடு, அதைக் கண்டுபிடிச்ச எட்வர்ட் ஆச்சிசன் ஃபேக்டரி போட்டது அங்கதான், 1895ல, அருவிலேர்ந்து எடுத்த கரண்டை நம்பி. அதுக்கு அவர் வெச்ச பேரு கார்பொரண்டம். அதுல பின்பாதி கொரண்டம்ங்கற கல்லோட பேரு, அது நம்ம குருந்தம்தான், தமிழ்லேர்ந்து போன சொல்லு. அந்த அமெரிக்க கம்பெனியும் முருகப்பா குழுமமும் இங்கிலாந்துக்காரன் ஒருத்தனும் சேந்து 1954ல சென்னைல ஆரம்பிச்சதுதான் கார்பொரண்டம் யுனிவர்சல். சாணைக்கல்லுல பேரு ஊரைச் சுத்தி வந்த கதைய நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

ரெண்டு பக்கம் இருக்கற கல்லு, ஒரு பக்கம் முரடு ஒரு பக்கம் நைசு, 10 டாலருக்குள்ள முடிச்சுருங்க. இந்த இரும்புக்கு வைரம் எல்லாம் தேவையில்ல.

காடோடி எழுதியது:

ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி வாக்குல வெச்சுக்கோங்க, வெளில போட்டு அடிக்கற கத்தி, அதுக்கும் கீழ போனா கூர் மடங்கும். கோணம் பிடிபடலன்னா ஒரு வழி: கூர் ஓரத்துல மார்க்கர் பேனாவால கருப்பு அடிங்க, கல்லுல ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. மை கூரோட விளிம்புல அழியாம மேல மட்டும் அழிஞ்சா படுக்க வெச்சுட்டீங்க, விளிம்புல மட்டும் அழிஞ்சா தூக்கிட்டீங்க. ஒரே பக்கம் தேச்சுட்டே வந்தா மறுபக்கம் பிசிறு எந்திரிக்கும், நகத்தால குறுக்க தடவுனா மாட்டும். அடியிலேர்ந்து நுனி வரைக்கும் பிசிறு வர்ற வரை அடுத்த பக்கம் திருப்பாதீங்க, பாதிப் பேர் தோக்கறது இந்த எடத்துலதான், பத்து தடவை இந்தப் பக்கம் பத்து தடவை அந்தப் பக்கம்னு எண்ணிக்கிட்டே இருப்பாங்க, கூர் மட்டும் வராது. அப்பறம் நைஸ் பக்கம், கடைசில பழைய தோல் பெல்ட்டோட உள்பக்கம் பச்சை மெருகுக்கட்டி தேச்சு பின்னோக்கி இழுங்க.

தீவகத்தான் எழுதியது:

எல்லாம் சரி, அந்த முதுகு வாளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. என்னட்டயும் வேற கொம்பனிக் கத்தி ஒண்டு இப்பிடிப் பல்லோட இருக்கு. கொட்டேஜுக்குக் கொண்டு போய் ஒரு கொப்பு அரிவம் எண்டு பாத்தன், அரை அங்குலம் போய் இறுகினது இறுகினதுதான், கடைசியில காலால உதைச்சு எடுத்தனான். பல்லுக்கு அரம் போட்டால் சரி வருமோ?

தச்சுவீடு எழுதியது:

எங்க அப்பா தச்சர், அதனால இந்தக் கேள்விக்கு மட்டும் வர்றேன். அரம் போட்டாலும் வராது.

மர ரம்பத்தை கண்ணுக்கு நேரா நீளவாக்குல தூக்கிப் பாருங்க, ஒரு பல் இடது பக்கம் சாஞ்சிருக்கும் அடுத்த பல் வலது பக்கம். அதனால அறுக்கற தடம் தகட்டோட தடிமனை விட அகலமா விழும், தகடு நடுவுல தாராளமா ஓடும். தூளும் வெளிய வரும். இந்தக் கத்தில பல்லை கட்டி இரும்புல நேரா வெட்டி வெச்சிருக்கான், சாய்ப்பே கெடையாது. பல்லு போடற தடம் முதுகோட அகலம்தான், அதுக்கு மேல ஒரு நூல் கூட கெடையாது. அரை இன்ச் எறங்குனதும் ரெண்டு பக்கமும் மரம் கவ்விக்கும். பச்சை மரம்னா இன்னும் மோசம். பல்லை எவ்ளோ கூராக்குனாலும் தடம் அகலமாகாது. இவ்ளோ தடியான இரும்பை சாய்க்கவும் முடியாது, சாய்க்கப் பாத்தா பல் கழண்டு கைல வரும். கூடாரக் குச்சில கயிறு நிக்க ஒரு வெட்டு போடறதுக்கு சரி. மரம் அறுக்கணும்னா 20 டாலருக்கு மடக்கு ரம்பம் வாங்கிக்கோங்க.

பனிக்காட்டான் எழுதியது:

அப்ப எதுக்குதான் அதை வெச்சான்? அழகுக்கா?

பழசுப்பொட்டி எழுதியது:

மூத்தவன் 499ல அது மரத்துக்கே இல்ல தம்பி. விமானம் விழுந்து கதவு தொறக்கலன்னா உள்ள மாட்டிக்கிட்டவன் அலுமினியத் தகட்டையும் பிளாஸ்டிக் கண்ணாடியையும் கிழிச்சு வெளிய வரணும், அதுக்கு வெச்ச பல்லு. தகடு மெல்லிசு, பல்லு ஒரு மில்லி எறங்குனாலே அந்தப் பக்கம் போயிரும், கவ்வறதுக்கு அங்க எதுவும் இல்ல. எஸ்பி-2 அந்த டிசைனோட வாரிசு.

மரத்துக்குன்னு முதுகுல ரம்பம் வெச்சதும் உண்டு, முதல் உலகப்போர்ல ஜெர்மன் படைல பாலம் கட்டறவனுக்கு, வேலி போடறவனுக்குன்னு குடுத்த துப்பாக்கிக் கத்தி. எதிரிப் பக்கம் அதைக் காட்டுமிராண்டி ஆயுதம்னு பிரச்சாரம் பண்ணி, அதோட மாட்டுனா உயிரோட விடமாட்டாங்கன்னு பேச்சு கெளம்பி, கடைசில பல்லை ராவி எடுத்துட்டாங்க. பல் ராவுன கத்தி இன்னைக்கும் சேகரிக்கறவங்ககிட்ட நெறைய சுத்துது.

சும்மாவந்தவன் எழுதியது:

அப்ப இவரும் ராவி எடுத்துரலாமே, கத்தி முதுகுல கட்டையால தட்டி விறகு பொளக்கலாம், பல் இருந்தா கட்டைய கடிச்சு வெக்கும்

லேத்துக்காரன் எழுதியது:

இந்த வாட்டி சும்மாவந்தவரு சும்மா வரலீங்க, கட்டையக் கடிக்கறது வாஸ்தவம். ஆனா ராவறது அவர் இஷ்டம். நான்னா விட்டு வெப்பேன். முப்பட்டை அரத்தால ஒவ்வொரு இடுக்குலயும் ரெண்டு இழுப்பு, முன்னுக்கு மட்டும், திரும்ப வர்றப்ப அரத்தைத் தூக்கிக்கோணும். இரும்பு ஐம்பது சொச்சம்ங்கறதால அரம் கடிக்கும். பல் நுனில இருக்கற மொக்கை போனா போதும், ஆழம் பண்ணாதீங்க, அடி மூலைய கூர்மையா விடாதீங்க.

எண்ணெய்க்கு ஒரு வார்த்தை. நல்லெண்ணெய் போடாதீங்க, காஞ்சு கோந்து மாதிரி ஆயிக்கும். தையல் மிஷின் எண்ணெய் உத்தமம், இல்லீன்னா தேங்காயெண்ணெய். தோல் உறைக்குள்ள போட்டு மாசக்கணக்குல வெக்கக்கூடாது, தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

பனிக்காட்டான் எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, இங்க ஒரே ராத்திரில ரெண்டு அடி பனி.

உப்புத்தாள் 400 வரைக்கும் போனேன். அங்கங்க சின்னச் சின்னக் குழி இருக்கு, அம்மை வந்த மூஞ்சி மாதிரி, அதை விட்டுட்டேன். அப்பறம் சூடான வினிகரைத் துணில நனைச்சு சுத்தி வெச்சதுல அலகு பூரா மழை மேகம் கலர்ல வந்திருக்கு. கல்லுல மொத நாள் ஒண்ணும் வரல, மார்க்கர் அடிச்சுப் பாத்தப்பதான் நான் இவ்ளோ நாளும் மேல மேல தேச்சுக்கிட்டு இருந்தது தெரிஞ்சுது. ரெண்டாம் நாள் பிசிறு வந்துச்சு. இப்ப பேப்பரைத் தொங்கவிட்டு வெட்டுது, நுனில மட்டும் கொஞ்சம் இழுக்குது, அந்த நீலம் பட்ட எடம்தான், இன்னும் ரெண்டு தடவை கல்லுல போட்டா போயிரும்னு நெனைக்கறேன்.

அப்பறம் பல்லு. அரம் போட்டு முடிச்சுட்டு மேப்பிள் கெளை ஒண்ணுல வெச்சேன், தச்சுவீடு சொன்ன மாதிரியே அரை இன்ச்சுல நின்னுச்சு. பழைய கதவோட அலுமினியத் தகடு ஒண்ணு கராஜ்ல குப்பைக்குப் போக நின்னுக்கிட்டு இருந்துச்சு. நுனியால ஒரு ஓட்டை குத்தி, கத்தியைத் திருப்பி, முதுகை உள்ள விட்டு இழுத்தேன். கிர்ர்ர்னு ஒரு சத்தம், பல்லு கூசற சத்தம், ஆனா ஒவ்வொரு இழுப்புக்கும் கிழிஞ்சுக்கிட்டே வருது! அஞ்சு நிமிஷத்துல என் கை போற அளவுக்கு ஓட்டை.

தீவகத்தான் எழுதியது:

அப்ப நான் அந்தக் கொப்போட சண்டை பிடிச்சது வீண் வேலை. படம் போடுங்கோ தம்பி, கத்தியையும் தகட்டையும் சேத்து.

பனிக்காட்டான் எழுதியது:

போடறேன்ணே. கைக்காப்பு ஓரத்துல கடைசி மூணு பல்லு இடுக்குல கருப்பு பூச்சு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும், நூலு, ஊசி, டூத்பிரஷ் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், யாரும் அதைக் கேக்காதீங்க.